கீசர் சுவிட்சில் ஒரு வெள்ளை நூல்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில்தான் இது தொடங்கியது. நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு வசதியான பாதியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுவேன். பெயர் போடாமல் எழுதலாம் என்ற தைரியத்தில் அந்த மீதியையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் யோக்கியதை புரியும். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவள் நான். புதிதாகச் சேரும் ஆள் நிரந்தரமோ கான்ட்ராக்டோ, முதல் நாள் என் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் மெஷின் பக்கம் போக முடியும். அந்த வகுப்பில் நான் தொண்டை கிழியச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. மெஷினில் கோளாறு இருந்தால் அதன் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவார்கள். ‘போடக் கூடாது’ என்று எழுதி, கட்டியவர் பெயரும் தேதியும் போட்டிருக்கும். அந்த அட்டையைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. “முதலாளியே வந்து நின்னாலும் கைய வைக்கக் கூடாது” என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். அப்போது பதினாறு வருடங்களாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில் எங்கள் வீட்டு கீசர் ஆயுசை முடித்துக்கொண்டது. நாங்கள் வாங்கும்போதே அது பழைய வீடு. கீசரும் வீட்டோடு வந்ததுதான். போர் தண்ணீரின் உப்பு அதன் அடியைத் தின்று தின்று, ஒரு நாள் காலையில் துருவும் தண்ணீருமாகத் தரையில் ஊற்றிவிட்டது. ஓசூர்க் குளிரில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுவது எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது படிக்கும் என் மகள் அடுப்பில் அண்டா வைத்துக் காத்திருந்தாள். அத்திப்பள்ளியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் மூன்று நாள் முகத்தை மட்டும் கழுவி, சென்ட் அடித்துக்கொண்டு கிளம்பினார். புது கீசர் வாங்கியாயிற்று. மாட்டித் தர ஆள் வருவதற்கு ஒரு வாரம் ஆகும் என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் கம்பெனியில் மின்சாரப் பராமரிப்பில் இருந்த ஒரு கான்ட்ராக்ட் ஊழியர் ஞாபகம் வந்தார். நாட்றாம்பாளையம் பக்கத்துக்காரர். அப்பா, அம்மா காட்டு வேலைக்குப் போய் வளர்த்த பிள்ளை. ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்கும் வேலை செய்து கொடுப்பார், கை சுத்தம், வேலை சுத்தம் என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராகத்தான் இருப்பார். ஆனாலும் நான் அவரை “ஏம்பா, நீ” என்றுதான் பேசுவேன். எங்கள் கம்பெனியில் நிரந்தர ஊழியர்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. நீலத்துக்கு ‘நீங்க’, சாம்பலுக்கு ‘நீ’. யாரும் சட்டம் போடவில்லை, எல்லோருக்கும் வாயில் அப்படியே வந்துவிடும். எனக்கும் வந்தது.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அதே சாம்பல் சட்டை. பழையதைக் கழற்றி, ரசமட்டம் வைத்துக் கோடு போட்டு, சுவரில் துளையிட்டு, ஒரு சொட்டு ஒழுகாமல் புதியதை மாட்டினார். எனக்குத் திருப்திதான். காபிக்குப் பால் வைத்தேன். அவர் பிளக் பெட்டியைத் திறந்தார். மீட்டரை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இதுல எர்த்து இல்லீங்க.”

கீசரில் கரண்ட் கசிந்தால் நம் உடம்பு வழியாகப் போகாமல் நேராக மண்ணுக்குள் இறங்கிப்போக வழி செய்வதுதான் எர்த். அது எனக்கும் தெரியும். வகுப்பில் பாதி நேரம் அதைத்தான் பேசுகிறேன். எனக்குச் சுருக்கென்றது. என்னிடமே சொல்கிறாரா? பயிற்சிக்காக வைத்திருந்த பல்பு ஹோல்டரை எடுத்து வந்து நானே பிளக்கின் கரண்ட் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவில் கொடுத்துக் காட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. “பாரு, எர்த் இருக்கு” என்றேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரும் மகளும் எழுந்து வந்து நின்றார்கள்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நியூட்ரலுக்கும் பல்பு எரியுமுங்க மேடம்” என்று சொல்லி, பெட்டிக்குள் ஒரு சின்ன ஒயர்த் துண்டைக் காட்டினார். முன்னால் எவரோ ஒருவர், எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரிலிருந்தே ஒரு துண்டை எடுத்து எர்த் முனையில் முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். “இது எர்த்து மாதிரி இருக்கும், ஆனா மண்ணுக்குப் போவாதுங்க. மெயின்ல நியூட்ரலு விட்டுப்போச்சுன்னா, மொத்தக் கரண்டும் கீசரு மேல வந்து நின்னுக்கும். உங்களுது இரும்புப் பைப்பு. கொழா வரைக்கும் வரும்.” பின்கட்டில் சிமென்ட் தரையை உடைத்துக் குழி தோண்டி எர்த் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கீசருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “என்னடி, உன் ஸ்டூடண்டே உனக்கு கிளாஸ் எடுக்கறாரு” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் மூக்கு அறுந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் சொன்னது சரியா தவறா என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. சாம்பல் சட்டை, என் வீட்டில், என் பிள்ளை எதிரில், என்னைத் திருத்துகிறது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

“பழைய கீசரு இதே பிளக்லதான் இத்தனை வருஷம் ஓடுச்சு. யாரும் செத்துப் போயிடல. வேலைய இழுத்து இழுத்துப் பெருசாக்கலாம்னு பாக்கறியா?”

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஒரு வேலைக்காரரை அதைவிடக் கேவலமாக ஏச முடியாது. அவர் முகம் சுண்டிப்போனது. கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். எங்கள் கம்பெனியில் கொடுப்பதுதான். சுவரில் வைத்து அழுத்தி, ‘எர்த் இல்லை. போடக் கூடாது’ என்று எழுதி, தேதியும் தன் பெயரும் போட்டு, கீசர் சுவிட்சுப் பெட்டியின் ஆணியில் வெள்ளை நூலால் கட்டினார்.

“இது என்ன கம்பெனியா?” என்று கேட்டேன்.

“கரண்டுக்குக் கம்பெனி, வீடுன்னு தெரியாதுங்களே மேடம்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. காபி குடித்துவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை.

அவர் மொபெட் சத்தம் தெருமுனை தாண்டியதும் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். மகள், “அம்மா, அத எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?” என்றாள். “போய்ப் படி” என்றேன். அட்டையை வெட்டி, இரண்டாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டேன். ஆணியில் இறுகியிருந்த முடிச்சும் இரண்டு அங்குல நூலும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் தெரு ஹார்டுவேர் கடையில் சொல்லி இன்னொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஆனேக்கல் பக்கத்துக்காரர், பாதி கன்னடம் பாதி தமிழ். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் கேட்டார். “எர்த்திங் நோடித்தீரா மேடம்?” பார்த்துவிட்டீர்களா என்று. “எல்லாம் பாத்தாச்சு. நான் சேஃப்டி டிபார்ட்மென்ட்” என்றேன். “சேஃப்டில இருக்கறவங்களுக்கு நான் என்னா சொல்றது” என்று சிரித்து, இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரியே சுடச்சுடத் தண்ணீர் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் கேன்டீனில், அட்டை கட்டியவருடைய கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் எதிரில் வந்து உட்கார்ந்தார். “நேத்து எங்க வீட்டு வேலைக்கு வந்த உங்க எலக்ட்ரிகல் ஆளு ரொம்பப் பேசறாரு, பாத்துக்குங்க” என்றேன். அவ்வளவுதான். ஒரு வாய் சாம்பார் சாதத்துக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொன்னது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும்போதே மறந்தும்விட்டேன்.

இரண்டு மாதம் போனது. மாசி மாதம், மகளுக்குப் பரீட்சை நேரம். ஒரு நாள் காலை ஆறு மணி இருக்கும். திடீரென்று விளக்கும் மின்விசிறியும் நின்றன. குளிக்கத் துண்டோடு நின்றிருந்த மகள் தயங்கினாள். நான் சமையலறையிலிருந்து கத்தினேன்: “கரண்டுதான் போயிருக்கு. கீசர்ல இருக்கற சுடுதண்ணி ஆறறதுக்குள்ள போய்க் குளி.” கீசர் சுவிட்சை அணைக்கச் சொல்லவில்லை. கரண்ட்தான் இல்லையே! பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம் என் காதில் நன்றாக விழுந்தது. அவர்களுக்கு மட்டும் எப்படிக் கரண்ட் இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் மெயின் பெட்டியில் நியூட்ரல் ஒயர் கருகி விட்டுப்போயிருந்தது. அட்டை கட்டியவர் சொன்னது எழுத்துப் பிசகாமல் அப்படியே நடந்தது. வீடு முழுக்க இருட்டு. கரண்ட் மட்டும் போகவில்லை. அது கீசர் மேல், குழாய் மேல் வந்து நின்றுகொண்டிருந்தது.

மகளின் சத்தம் கேட்டது. அலறல்கூட இல்லை, பாதியில் நறுக்கிய மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு வாளி உருளும் சத்தம்.

ஓடினேன். அவளைத் தொடக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்று பதினாறு வருடப் பாடம் கால்களுக்குத் தெரிந்திருந்தது. மெயின் பெட்டிக்குப் போகும் வழியில்தான் கீசர் சுவிட்ச். அந்தப் பாதி இருட்டிலும் அந்த வெள்ளை நூல் என் கண்ணில் பட்டது. என்ன நடந்திருக்கிறது, யாரால் நடந்திருக்கிறது என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

குழாயை அவள் பிடிக்கவில்லை, விரல் நுனி பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தூக்கி எறிந்துவிட்டது. பிடித்திருந்தால் கை விட்டிருக்காது, இதை எழுதிக்கொண்டிருக்கவும் மாட்டேன். பின்மண்டை சுவரில் மோதி ரத்தம். தலையில் நாலு தையல், விரலில் தீய்ந்த காயம், இதயத் துடிப்பைப் பார்க்க ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். “வீட்டுல எர்த் இல்லையா?” என்று டாக்டர் கேட்டார். “இருந்துச்சு டாக்டர்” என்றேன். பிள்ளை அந்த நிலையில் படுத்திருக்கும்போதும் பொய் சொன்னேன். அவள் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போனதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“அந்த அங்கிளக் கூப்பிடும்மா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்குப் போய்ப் பராமரிப்புப் பகுதியில் அவரைத் தேடினேன். அங்கே இல்லை. ஸ்டோர்க்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அவர ஸ்கிராப் யார்டுக்கு மாத்தி ரெண்டு மாசமாச்சே மேடம். நீங்க ஏதோ கம்ப்ளைன்ட் சொன்னீங்கன்னு பேசிக்கிட்டாங்களே?” என்றார். சாம்பார் சாதத்துக்கு நடுவில் நான் சொன்ன வாக்கியம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஸ்கிராப் யார்டு என்றால் கழிவு இரும்பைக் கொட்டும் வெட்டவெளி. நல்ல வெயில். அவர் தகரத் துண்டுகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மீட்டர் பிடித்த கையில், உள்ளங்கையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மகளுக்கு அடிபட்ட செய்தி அதற்குள் கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்தான் கேட்டார்: “பாப்பாவுக்கு எப்படிங்க மேடம் இருக்குது?”

“அண்ணா, வீட்டுக்கு ஒருதடவ வர முடியுங்களா?” என்றேன். என் வாயில் ‘அண்ணா’வும் ‘நீங்க’வும் அன்றுதான் வந்தது. என் பிள்ளை அடிபட்டுத்தான் அவருக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டியிருந்தது. அவர் வரமாட்டேன் என்று சொன்னால் தலை குனிந்து திரும்பிவிடலாம் என்று மனசில் ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேன். “ஞாயித்துக்கெழம வர்றேனுங்க. அதுவரைக்கும் கீசரு ஒயரக் கழட்டியே வையுங்க” என்றார்.

வந்தார். வந்ததும் முதல் வேலையாக மெயினை அணைத்து அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். பின்கட்டில் சிமென்ட் தரையை உடைத்து, கடப்பாரையால் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டினார். என் வீட்டுக்காரர் மண்ணை அள்ளினார். நான் அடுப்புக்கரியையும் உப்பையும் பேசினில் சுமந்து கொடுத்தேன். இரும்புக் குழாயை நிறுத்தி, கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று நிரப்பி, தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து வீடு முழுக்கக் கம்பி இழுத்தார். கசிவு வந்தால் தானாகவே விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் மெயினில் பொருத்தினார். அந்தச் சின்ன ஒயர்த் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அரை விரல் நீளம்கூட இல்லை. மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். “நான் அன்னிக்குப் பேசினது தப்புண்ணா” என்று எப்படியோ சொல்லிவிட்டேன். “விடுங்க மேடம், பாப்பா நல்லா இருக்குதில்ல” என்றார். கேன்டீனில் பேசியதைச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்தது. அவர் கை கழுவப் போனார். நான் பாட்டுக்கு மெயினைப் போட்டுப் பார்க்கலாமென்று போய் அந்த அட்டையில் கை வைத்தேன். பின்னாலிருந்து ஓடி வந்தார்.

“மேடம், மேடம், இருங்க! கட்டுனவந்தானே எடுக்கோணும்? நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே.”

குத்திக் காட்டவில்லை. அந்தக் குரலில் குத்தல் ஒரு துளியும் இல்லை. என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டதை நிஜமாகவே நம்பி, அப்படியே கடைப்பிடிக்கிற மனிதர். நான் சொன்னதை என்னைவிட அதிகமாக நம்பியவர். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என்னைத்தான். கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். ஒயர்களை எல்லாம் இன்னொரு முறை பார்த்துவிட்டு, அவரே அட்டையை அவிழ்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெயினைப் போட்டார்.

பிறகு கீசரைப் போட்டுப் பார்க்கக் குளியலறைப் பக்கம் போனார். சுவிட்சுப் பெட்டியின் ஆணியில் அந்தப் பழைய நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் வெட்டிய நுனி. அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு சுவிட்சைப் போட்டு, குழாயில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “இனி பயமில்லீங்க” என்றார்.

மறுநாள் அவருடைய சூப்பர்வைசரிடம் போய், நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சே மேடம்” என்றார். நடையாய் நடந்து, நீலச் சட்டைக்காரர்கள் நாலு பேரைப் பிடித்துப் பேசி, அவரைத் திரும்ப மின்சாரப் பகுதிக்குக் கொண்டுவர மேலும் மூன்று மாதம் ஆனது. என் ஒரு வாக்கியத்துக்காக அவர் ஐந்து மாதம் வெயிலில் தகரம் பொறுக்கியிருக்கிறார். கெடுப்பதற்கு ஒரு வாய்ச் சோற்று நேரம் போதுமாயிருந்தது.

இப்போதும் திங்கட்கிழமைகளில் புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கிறேன். சிவப்பு அட்டை வரும் இடத்தில் மேஜையைத் தட்டுவதில்லை. என் வீட்டுக் கதையையும் இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை, அந்தத் துணிவு இன்னும் வரவில்லை. மகள் இப்போது கல்லூரியில். தலைமுடியைத் தூக்கி வாரும்போது அந்த நாலு தையல் தழும்பு தெரியும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கீசர் சுவிட்சில் தொங்கும் நூலைப் பெயின்டர் பிடுங்கப் போனார். வேண்டாம், அதைத் தொடாதீர்கள் என்று தடுத்துவிட்டேன். கட்டியவர்தான் அதை அவிழ்க்க வேண்டும். வந்து அவிழ்த்துவிடுங்கள் அண்ணா என்று அவரிடம் கேட்கும் யோக்கியதை எனக்கு வந்துவிட்டதாக இன்றுவரை என் மனசு ஒப்புக்கொள்ளவில்லை.